எண்ணும் அலகும்



நெற்களஞ்சியமொன்றின் கணக்கப்பிள்ளை, ஏட்டிலே "வரவு 40, செலவு 25, இருப்பு 15" என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு விடுமுறையிற் சென்றுவிட்டார் என்று கொள்வோம். அவருக்குப் பதிலாக வந்தவர் ஏட்டைப் புரட்டுகிறார். கையெழுத்துத் தெளிவாக இருக்கிறது. கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை. ஆனால், அந்தப் 15 என்பது மூடையா, புசலா, கொத்தா? எழுதியவர் மனத்தில் இருந்தது மூடை. வாசிப்பவர் மனத்தில் எழுவது புசல். எழுதியவர் பொய் எழுதவில்லை. வாசித்தவரும் இலக்கத்தைப் பிறழ வாசிக்கவில்லை. அப்படியிருந்தும் களஞ்சியத்தின் கணக்கு முழுவதும் பிழைத்துப்போகின்றது.

மனிதர் எழுதிய ஏடுகளில் நெடுங்காலம் குடியிருந்த இத்தொல்லை, மனிதர் கைபடாத ஏடுகளிலும் இன்று புகுந்துவிட்டது. கணினிகள் தாமே எழுதித் தாமே வாசிக்கும் பதிவேடுகளைப் பற்றியதே இப்பேச்சு.

பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பெரிய கணினித் தொகுதிகள் உண்டு. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, பலருக்கும் பொதுவாக வைத்திருப்பார்கள். வானிலையைக் கணிப்பவர், மருந்தின் மூலக்கூறுகளை ஆராய்பவர், மரபணுவை வாசிப்பவர் எனப் பலரும் தத்தம் கணிப்புகளை அங்கே அனுப்புவர். அவ்வாறு அனுப்பப்படும் ஒவ்வொன்றும் ஒரு "பணி" எனப்படும். பணியை அனுப்புகிறவர், தமக்கு இத்தனை செயலிகள் வேண்டும், இவ்வளவு நினைவகம் வேண்டும், இத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பணிகளைப் பங்கிடுவதற்கென்றே அமைந்த மென்பொருளொன்று, திருமண வீட்டிற் பந்தி வைப்பவரைப் போல, யாரை எங்கே எப்பொழுது இருத்துவது என்று தீர்மானிக்கின்றது. பணி முடிந்ததும், அது உண்மையில் எவ்வளவு வளத்தைப் பயன்படுத்தியது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கின்றது.

அந்தப் பதிவேட்டை யார் வாசிக்கிறார்கள்? பெரும்பாலும் மனிதர் வாசிப்பதில்லை. ஆயிரக்கணக்கான பணிகளின் பதிவுகளைக் கண்ணால் வாசித்து முடிக்க எவராலும் இயலாது. ஆதலின், பதிவேட்டை வாசிப்பதற்கு வேறொரு செய்நிரல் எழுதப்படுகின்றது. ஒரு பொறி எழுதியதை மற்றொரு பொறி வாசிக்கின்றது. இடையிலே அலகு என்னும் ஒன்று தவறிவிட்டால், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொள்ள வாசிக்கும் பொறிக்கு வாய் இல்லை.

மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழில் "வழு" என்று வழங்குகின்றனர். நல்ல சொல். நம் இலக்கணத்தார் வழுவை ஏழு வகையாகப் பகுத்தனர்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன அவை. ஒரு வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரியாக இருந்தும், ஒன்றோடொன்று இயைந்து நில்லாதபோது பிறப்பதே பெரும்பான்மையான வழு. "அவன் வந்தாள்" என்பதிலே "அவன்" என்பதும் பிழையன்று, "வந்தாள்" என்பதும் பிழையன்று. இரண்டும் சேர்ந்த சேர்க்கையே பிழை. கணினிப் பதிவேட்டின் வழுவும் அவ்வகையினதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. "அவன் வந்தாள்" என்பது காதில் விழுந்தவுடனே உறுத்தும். எண்ணிலே நிகழும் வழு உறுத்துவதில்லை.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, "ரைம்" என்னும் சிறிய செய்நிரலின் கதை. ஜி.என்.யு. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது அது. காலம் என்பதே அப்பெயரின் பொருள். ஒரு பணியைத் தொடங்கிவைத்து, முடியும்வரை காத்திருந்து, எவ்வளவு நேரம் சென்றது, செயலி எவ்வளவு நேரம் உழைத்தது, நினைவகம் உச்சமாக எவ்வளவு தேவைப்பட்டது என்று அறிக்கை தருவது அதன் வேலை. பெரிய ஆரவாரமில்லாத, ஆனால் ஆராய்ச்சியாளர் பலர் நாள்தோறும் கையாண்ட கருவி. அதன் 1.7 ஆம் பதிப்பு 1996 ஆம் ஆண்டு வெளிவந்தது.

பணி எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தியது என்பதை "ரைம்" தானே அளப்பதில்லை. பணி முடிந்ததும் அது இயங்குதளத்தின் உட்கருவிடம் கேட்கின்றது. உட்கரு ஓர் எண்ணைத் திருப்பித் தருகின்றது. அந்த எண்ணுக்கு அலகு யாது? இங்கேதான் முடிச்சு விழுந்தது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் யாவும் ஒரே வழக்கைப் பின்பற்றவில்லை. சில இயங்குதளங்கள் அவ்வெண்ணைக் கிலோபைற்றுகளிற் கூறின. வேறு சில, நினைவகத்தைப் "பக்கம்" என்னும் சிறு துண்டுகளாகப் பகுத்து, எத்தனை பக்கங்கள் என்று கூறின. எல்லா யுனிக்ஸ்களுக்கும் பொதுவான நியமம் ஒன்று இருக்கிறதே, அது தீர்த்துவைக்கவில்லையா என்று நேயர்கள் வினவலாம். அந்த நியமம், செயலி உழைத்த நேரத்தைக் குறிக்கும் இரண்டு விவரங்களை மாத்திரம் வரையறுத்தது. நினைவகத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஆக, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு படி.

"ரைம்" செய்நிரலை எழுதியவர், கிடைக்கும் எண் பக்கங்களின் தொகை என்று கொண்டார். அது குற்றமன்று, அப்படிக் கூறும் இயங்குதளங்கள் அக்காலத்தில் உண்மையாகவே இருந்தன. பக்கங்களைக் கிலோபைற்றுகளாக மாற்றுவதற்கு, ஒரு பக்கத்தின் அளவால் அவ்வெண்ணைப் பெருக்கினார். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4 கிலோபைற்று. ஆகவே, கிடைத்த எண்ணை நான்கால் பெருக்கி, "கிலோபைற்று" என்று பெயரும் இட்டு, அச்சிட ஏற்பாடு செய்தார்.

ஆனால் லினக்ஸ் என்னும் இயங்குதளமோ அவ்விடத்தில் எதையுமே எழுதாதிருந்தது. உச்ச நினைவகம் என்ற கட்டம் இருந்தது. அதிலே எப்பொழுதும் பூச்சியமே நின்றது. உட்கரு அவ்விவரத்தை அளந்து வைக்கவில்லை என்பதே அதன் பொருள். அளக்கவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் 0 என்ற இலக்கம் உட்கார்ந்திருந்தது. பூச்சியத்தை நான்கால் பெருக்கினால் என்ன வரும்? பூச்சியமே வரும். ஆதலால், செய்நிரலினுள்ளே வழு ஒன்று இருப்பது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. கிணற்றுக்குள் விழுந்த கல் அடியிலே கிடந்ததுபோல, அது ஆண்டுக்கணக்கிற் கிடந்தது. அதனைப் பரிசோதித்த எவரும், "இங்கே பெருக்கல் பிழை" என்று கூறியிருக்க முடியாது. பெருக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

2009 ஆம் ஆண்டின் இறுதியில், லினக்ஸ் உட்கருவின் 2.6.32 ஆம் பதிப்பு வெளியாயிற்று. அதிலேதான் முதன்முறையாக அந்தக் கட்டம் நிரப்பப்பட்டது. அலகும் ஆவணத்திலே தெளிவாகக் கூறப்பட்டது: கிலோபைற்று. நற்செயல்தான். ஆனால், அன்று முதல் உறங்கிக்கிடந்த வழு விழித்துக்கொண்டது. ஒரு பணி உண்மையில் 500 மெகாபைற்று நினைவகத்தைப் பயன்படுத்தியது என்று கொள்வோம். உட்கரு 512,000 என்று கூறும், அது கிலோபைற்று. "ரைம்" அதைப் பக்கங்கள் என்று எண்ணி, நான்கால் பெருக்கி, 2,048,000 கிலோபைற்று என்று அச்சிடும். 500 மெகாபைற்று 2,000 மெகாபைற்றாக மாறிவிட்டது. உட்கருவில் ஒரு நன்மை செய்யப்போக, வேறொருவர் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய செய்நிரலில் அது தீமையாய் முடிந்தது. இருவரில் எவரைக் குறைகூறுவது?

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். களஞ்சியக் கணக்கப்பிள்ளை அலகை எழுத மறந்தார். "ரைம்" மறக்கவில்லை. எண்ணின் பக்கத்திலே "கிலோபைற்று" என்ற பெயர் பளிச்சென்று நின்றது. அலகை எழுதிவைத்தால் தொல்லை தீரும் என்று கூறுவோருக்கு இது சற்றுக் கசப்பான செய்தி. எழுதப்பட்ட அலகே பிழையான இடத்தில், அது வாசிப்பவருடைய ஐயத்தைப் போக்குவதால், அலகில்லாத எண்ணைவிடத் தீமை பயக்கின்றது.

நான்கு மடங்கு என்பது பெரிய பிழையன்றோ, அதை எவரும் உடனே கண்டுகொள்ளவில்லையா என்ற கேள்வி எழுவது இயல்பே. நாற்பதாயிரம் மடங்கு பிழைத்திருந்தால் அன்றைக்கே கண்டுகொண்டிருப்பார்கள். நான்கு மடங்கு என்பது நம்பத்தக்க பிழை. தம் செய்நிரல் சரியாக எவ்வளவு நினைவகம் உண்ணும் என்பது அதை எழுதியவருக்கே பெரும்பாலும் தெரியாது. "எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான், என்றாலும் இருக்கலாம்" என்று அமைதியுறுவார். மேலும், எல்லாப் பணிகளும் ஒரே நான்கால் பெருக்கப்பட்டமையால், ஒன்றையொன்று ஒப்பிடும்போது விகிதம் மாறவில்லை. முறை ஒன்று முறை இரண்டைவிடப் பாதி நினைவகமே கொள்கிறது என்று ஒருவர் முடிவுகண்டால், அம்முடிவு சரியாகவே இருந்தது. இரண்டையும் வெவ்வேறு கருவிகளால் அளந்தவரே ஏமாந்தார். தம்முடையதை ஒரு கருவியாலும் மற்றவருடையதை "ரைம்" கருவியாலும் அளந்திருந்தால், மற்றவருக்கு நான்கு மடங்கு அநீதி இழைத்ததாக முடியும். அது அவருக்கே தெரியாது.

வழுவை வெளிப்படுத்துவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அறிந்த அளவை அளந்து பார்த்தல். வேறொன்றும் செய்யாது 100 மெகாபைற்று நினைவகத்தை மாத்திரம் எடுத்து நிரப்பும் சிறு செய்நிரலை எழுதி, அதை அளக்கச் சொன்னால், கருவி 400 என்று கூறும். தராசின் மெய்ம்மையை அறிய, எடை தெரிந்த படிக்கல்லை அதிலே இட்டுப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. மற்றது, இயலாததைக் காணுதல். கருவி கூறியது, ஒரே வேளையில் மெய்யான நினைவகத்திற் குடியிருந்த அளவு. 4 கிகாபைற்று மாத்திரம் பொருத்திய கணினியிலே 6 கிகாபைற்று குடியிருந்தது என்று அறிக்கை வந்தால், நாழி அரிசி கொள்ளும் பானையில் நாலு நாழி கொண்டதென்று சொல்வதாகும். அந்த வேடிக்கையைக் கண்டு திகைத்தவர்களே பின்பு காரணத்தைத் தேடினர்.

திருத்தம் மிகச் சிறியது. வேண்டாத இடத்திற் பெருக்காதிருத்தல், அவ்வளவே. ஆயினும் அது எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளிற் சென்று சேரவில்லை. லினக்ஸைத் தொகுத்து வழங்குவோர் சிலர் தாமாகவே 1.7 ஆம் பதிப்பைத் திருத்தித் தம் பயனாளருக்கு அளித்தனர். திருத்தம் அடங்கிய 1.8 ஆம் பதிப்பு 2017 இலே வெளிவந்தது. ஒரு பெருக்கற் குறியை நீக்குவதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்.

இதனால் எவருக்கு என்ன நட்டம்? பொதுவான கணினித் தொகுதியில் நினைவகம் என்பது பந்தியிலே இலை போன்றது. 8 கிகாபைற்று போதுமான பணிக்கு 32 வேண்டுமென்று பதிவு கூறினால், அடுத்த முறை அவர் 32 கேட்பார். அவ்வளவு இடம் ஒன்றாக ஒழியும்வரை அவருடைய பணி வரிசையிற் காத்துநிற்கும். கிடைத்த பிறகோ, நான்கில் மூன்று பங்கு ஒருவருக்கும் பயன்படாமல் வெறுமையாகக் கிடக்கும். பின்னால் நிற்பவர் அந்த வெறுமைக்காகக் காத்திருப்பார். மாறாக, வாசிப்புக் குறைவாகப் பிழைத்தால் விளைவு இன்னும் கடுமையானது. குறைவாகக் கேட்ட பணி, எல்லையைத் தாண்டிய கணத்திலேயே நிறுத்தப்படும். மூன்று நாள் ஓடிய கணிப்பு, மூன்றாம் நாள் மாலையிலே துண்டிக்கப்பட்டு, கையிலே ஒன்றுமில்லாமற் போகும். ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறைவாகப் பிழைப்பதற்கும் வழி உண்டு. அப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகளில், அதே கேள்விக்கு உட்கரு தரும் விடை பைற்றுகளில் இருக்கும். லினக்ஸிலே கிலோபைற்றுகளில் இருக்கும். கேள்வியின் பெயர் ஒன்று, கட்டத்தின் பெயர் ஒன்று, விடையின் அலகு வேறு. தம் மேசையில் உள்ள மாக் கணினியிற் செய்நிரலை எழுதி, அங்கே சரிபார்த்து, பின்பு லினக்ஸ் தொகுதிக்கு அனுப்புகிறவர், எண்ணை அங்கே போலவே வகுத்துக்கொண்டு போனால் 1,024 மடங்கு குறைவாகக் காண்பார். இது பெரிய பிழையாதலின் எளிதிற் பிடிபடும் என்பது ஒன்றே ஆறுதல்.

இதுவரை கூறியது அலகின் வழு. இனி இடத்தின் வழுவைக் காண்போம். அது இன்னும் நுட்பமானது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே, மடிசன் நகரில், 1980களின் பிற்பகுதியிற் பிறந்த "கொண்டோர்" என்னும் மென்பொருள், பணிகளைப் பங்கிடுவதிற் பெயர்பெற்றது. தென்னமெரிக்காவின் பெருங்கழுகொன்றின் பெயர் அது. வேலையின்றி இருக்கும் கணினிகளைத் தேடிப்பிடித்துப் பணி கொடுக்கும் கருவிக்குக் கழுகின் பெயரைச் சூட்டியவருக்கு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும். 2012 முதல் அது "எச்.ரி. கொண்டோர்" என்று வழங்குகின்றது.

பணி முடிந்ததும் அதன் பதிவேட்டில் ஓர் அட்டவணை எழுதப்படும். மூன்று நிரல்கள்: பயன்படுத்தியது, கேட்டது, ஒதுக்கியது. வரிசைகள் செயலி, வட்டு, நினைவகம் என்பன. வட்டுக்குக் கிலோபைற்று என்றும், நினைவகத்துக்கு மெகாபைற்று என்றும் வரிசையின் தலையிலேயே குறித்திருக்கும். ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளுக்கு வெவ்வேறு அலகுகள். என்றாலும் ஒளிவுமறைவு இல்லை. மனிதர் வாசித்தால் ஒரு குழப்பமும் நேராது.

தொல்லை செயலி என்னும் வரியிலே இருக்கிறது. அவ்வரியில் "பயன்படுத்தியது" என்ற முதற் கட்டம் பல பதிவுகளில் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அளவு கிடைக்காதவிடத்து ஒன்றும் எழுதாமல் விடுவது நேர்மையான செயலே. லினக்ஸ் முன்பு செய்ததுபோலப் பூச்சியம் எழுதாமல் விட்டதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால், இதை வாசிக்க அவசரமாக எழுதப்படும் செய்நிரல்கள் என்ன செய்கின்றன? வரியை எடுத்து, இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி, கிடைத்த துண்டுகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணுகின்றன. முதற் கட்டம் வெறுமையாதலால், இரண்டாவது எண் முதலாவதாகிவிடுகின்றது. ஒருவர் 8 செயலிகள் கேட்டார், 8 ஒதுக்கப்பட்டன, எத்தனை பயன்பட்டன என்பது எழுதப்படவில்லை. வாசிக்கும் செய்நிரலோ, "பயன்படுத்தியது 8, கேட்டது 8" என்று உரைக்கின்றது. எழுதப்படாத விடை எழுதப்பட்டதாகிவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட விடை! கேட்ட அனைத்தையும் வீணாக்காமற் பயன்படுத்தினார் என்னும் நற்சான்றிதழ். உண்மையிலே ஒரு செயலி மாத்திரம் உழைத்து, ஏழு சும்மா இருந்திருக்கலாம். கணினித் தொகுதியை நிர்வகிப்பவர் அந்த அறிக்கையைப் பார்த்து மகிழ்வாரேயன்றி, ஐயுறமாட்டார். குறைகூறும் அறிக்கையை மக்கள் துருவி ஆராய்வர். புகழும் அறிக்கையை எவர் ஆராய்கிறார்?

பந்தியிலே முதல் இலைக்குரியவர் வரவில்லை. அவ்விலையைக் காலியாக விட்டு இரண்டாம் இலையில் இரண்டாமவரை இருத்துவதுதான் முறை. எல்லாரையும் ஒவ்வோர் இடம் நகர்த்தி இருத்திவிட்டு, இலையின் முன் எழுதியிருந்த பெயர்களை மாற்றாது விட்டால், மாமனார் இலையில் மருமகன் இருப்பார். அட்டவணையின் தலைப்பிலே ஒவ்வொரு நிரலும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை முதலில் அளந்துகொண்டு, அந்த இடத்தில் உள்ளதை மாத்திரம் எடுத்தால் இவ்வழு நேராது. இடம் வெறுமையாயிருந்தால், வெறுமை என்றே எழுதிக்கொள்ள வேண்டும். பூச்சியம் என்று எழுதலாகாது. இரண்டும் ஒன்றல்ல. பூச்சியம் என்பது ஒரு விடை. வெறுமை என்பது, கேள்விக்கு இன்னும் விடையில்லை என்பது.

காலத்தைக் குறிப்பதிலும் இத்தகைய இடறல் உண்டு. அமெரிக்காவின் லோறன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்திலே தோன்றி, பெரிய கணினித் தொகுதிகள் பலவற்றில் இடம்பெற்ற "ஸ்லர்ம்" என்னும் பங்கிடும் மென்பொருளிலே, பணிக்கு வேண்டிய நேரத்தைப் பலவாறு எழுதலாம். 30 என்று மட்டும் எழுதினால் அது 30 நிமிடம். 10, பின்பு முக்காற்புள்ளி, பின்பு 30 என்று எழுதினால், மணிக்கூட்டைப் பார்த்துப் பழகிய நமக்குப் பத்தரை மணித்தியாலம் என்றே தோன்றும். ஸ்லர்ம் அதைப் பத்து நிமிடமும் முப்பது விநாடியும் என்று கொள்ளும். பத்தரை மணித்தியாலம் வேண்டுமானால் விநாடியையும் சேர்த்து மூன்று பகுதியாக எழுத வேண்டும். இது வழுவன்று; கையேட்டில் எழுதப்பட்ட விதி. ஆனால், பதிவேட்டை வாசிக்கும் செய்நிரலை எழுதுகிறவர் அக்கையேட்டைப் புரட்டாதவராயின், அறுபது மடங்குப் பிழைக்கு அதுவே வாயில்.

கிலோ என்பதற்கே இரண்டு பொருள் உண்டென்பதையும் சொல்லிவைக்கலாம். கணினித் துறையினர் நெடுநாளாகக் கிலோவை 1,024 என்று வழங்கினர். ஏனையோருக்கு அது 1,000. குழப்பத்தைத் தீர்க்க, 1,024 ஐக் குறிப்பதற்குக் "கிபி" என்ற புதிய முன்னொட்டை அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998 இல் ஏற்படுத்தியது. பழைய வழக்கோ போகவில்லை. கிலோவில் வேறுபாடு நூற்றுக்கு 2 தான். தெராவுக்கு வரும்போது நூற்றுக்குப் பத்தை எட்டுகின்றது.

பதிவேட்டில் எண்ணைப் பிறழ வாசித்ததால் விளையும் நட்டம், வரிசையிற் காத்திருப்பதோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 ஆம் ஆண்டு டிசெம்பர் 11 ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தை நோக்கி ஒரு விண்கலத்தை ஏவியது. செவ்வாயின் காலநிலையை ஆராய்வதற்காகச் சென்ற சுற்றுகலம் அது. வழியிலே அது தன் நிலையைச் சரிசெய்துகொள்ளச் சிறிய உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு உந்தல் ஏற்பட்டது என்பதைப் பூமியிலுள்ள ஒரு செய்நிரல் கணித்து, ஒரு கோப்பிலே பதிந்துவைத்தது. அக்கோப்பை வாசித்து விண்கலத்தின் பாதையைக் கணித்தது மற்றொரு செய்நிரல். எழுதிய செய்நிரல் ஆங்கில அளவையான இறாத்தல்விசை விநாடியில் எழுதியது; வாசித்தது நியூற்றன் விநாடி என்று வாசித்தது. நியூற்றனிலே எழுத வேண்டும் என்பது இரு சாராருக்கும் பொதுவான ஆவணத்தில் இருந்தது. ஓர் இறாத்தல்விசை என்பது 4.45 நியூற்றன். ஆகவே, ஒவ்வோர் உந்தலும் உள்ளதில் நாலரையில் ஒரு பங்காகவே கணக்கில் ஏறிற்று.

பயணத்தின் முதல் நான்கு மாதம் அந்தக் கோப்புகள் பாதைக் கணிப்பிற் பயன்படுத்தப்படவில்லை. காரணம், கோப்பின் அமைப்பிலேயே வேறு பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திய பின்னர்தான், அலகின் வழு உள்ளே நுழைய வழி கிடைத்தது. கதவு பழுதாயிருந்தவரை கள்வன் உள்ளே வரவில்லை. கதவைச் செப்பனிட்டதும் வந்தான். லினக்ஸ் கட்டத்தை நிரப்பியபோது "ரைம்" வழு விழித்துக்கொண்டதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நேயர்கள் காண்பர். இரண்டிலும் பிழை ஏறத்தாழ நான்கு மடங்காக அமைந்தது தற்செயலே. ஆனால், நம்பத்தக்க அளவினதாய் இருந்தமையால் அது நெடுநாள் ஒளிந்திருக்க முடிந்தது என்பது தற்செயலன்று.

1999 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆந் திகதி, விண்கலம் செவ்வாயை அடைந்தது. தரையிலிருந்து 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்ல வேண்டுமென்று திட்டமிட்டிருந்தனர். 80 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கினால் தப்பமுடியாது என்பதும் தெரியும். பின்பு செய்த கணிப்பின்படி அது இறங்கிய உயரம் ஏறக்குறைய 57 கிலோமீற்றர். கிரகத்தின் பின்புறம் மறைந்த கலத்திலிருந்து அதன்பின் எந்த ஒலியும் வரவில்லை.

இவ்வழுக்களைக் களைவதற்குப் பெரிய அறிவியல் எதுவும் தேவையில்லை. சலியாத பழக்கம் தேவை. எண்ணையும் அலகையும் பிரிக்காமல், ஒரே பொருளாகச் செய்நிரலுக்குள் கொண்டுசெல்லும் முறை சில செய்நிரல் மொழிகளிலே உண்டு. அம்முறையிற் கிலோபைற்றோடு பக்கத்தைக் கூட்ட முற்பட்டால் பொறியே மறுத்துவிடும். வெட்டி எடுத்த துண்டுகளின் தொகை தலைப்பிலுள்ள நிரல்களின் தொகையோடு ஒவ்வாதபோது, ஊகித்துக்கொண்டு மேலே செல்லாமல், நின்று கூவும்படி செய்நிரலை எழுதலாம். நிற்கும் செய்நிரலைக் கண்டு பயனாளர் எரிச்சலடைவர் என்பதும் உண்மையே. எனினும், பேசாமற் பிழைப்பதைவிடக் கூவிக்கொண்டு நிற்பது நூறு மடங்கு மேலானது.

திருத்துவதற்கு அரியவை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட பதிவுகள். 2009 இன் இறுதிக்கும் 2017 க்கும் இடையிலே "ரைம்" கருவியால் அளந்து எழுதப்பட்ட நினைவகக் கணக்கு ஒன்று கையிற் கிடைத்தால், அதை நான்கால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். அளந்த கணினியின் பக்கம் 4 கிலோபைற்றாக இருந்திருந்தால் வகுக்கலாம். 64 கிலோபைற்றுப் பக்கம் கொண்ட கணினிகளும் இருந்தன. அங்கே வகுக்கவேண்டியது 64 ஆல். அதுவும், அளந்த கருவி திருத்தப்படாததாக இருந்தால் மாத்திரமே. பதிப்பு எண் 1.7 என்று குறித்திருந்தாலும் போதாது. தொகுத்து வழங்குவோர் சிலர் உள்ளே திருத்தியும் வெளியே அதே 1.7 என்ற எண்ணையே வைத்திருந்தனர். எந்த வழங்குநரின் எந்தப் பிரதி என்பதையும் எழுதியிருந்தால் கணக்கைச் சரிசெய்யலாம். எழுதாதிருந்தால், அந்த எண் சரியானதா, நான்கு மடங்கானதா என்று அதை அளந்தவராலும் இப்போது கூற முடியாது.